அயல்நாட்டில் துப்பறிதல்



துப்பறியும் கதையை விரும்பாத மாணவர் ஒருவரையும் என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. பாடப்புத்தகத்தின் நடுவே ஒளித்து வைத்துப் படித்தவர்களிடமிருந்து நான் கைப்பற்றிய நூல்களுள் பெரும்பாலானவை அவ்வகைக் கதைகளே. பகலில் கைப்பற்றிய நூலை இரவில் நானும் படித்ததுண்டு என்பதை ஓய்வு பெற்ற பிறகு ஒப்புக்கொள்வதில் தவறில்லை. அக்கதைகளில் துப்பறிவாளர் காலையில் அயல்நாட்டு நகரம் ஒன்றில் விமானத்திலிருந்து இறங்குவார்; மாலைக்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவார். அந்நாட்டு மொழி அவருக்குத் தெரியும், தெருக்கள் தெரியும், மக்களின் மனமும் தெரியும். உண்மையில் இது இவ்வளவு எளிதா? வேற்று நாட்டுக்குச் செல்லும் காவல் அதிகாரி அங்கே குற்றத்தை எவ்வாறு ஆராய்கிறார்? அவருக்கு நேரும் இடர்ப்பாடுகள் எவை? அவற்றை அவர் எப்படிக் கடக்கிறார்? இவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

முதலில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது துப்பறிந்த கதையன்று; துப்பறியத் தவறிய கதை.

நான் சிறுமலை அடிவாரத்துச் சமவெளியில், சாணார்பட்டியில் பிறந்து வளர்ந்தவன். ஆசிரியப் பயிற்சி முடித்ததும் எனக்கு முதற்பணி கிடைத்தது தொலைவிலுள்ள ஒரு கடற்கரை ஊரில். அங்கும் தமிழே பேசினார்கள். ஆயினும் அது என் செவிக்குப் பாதியே புரிந்தது. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அவர்கள் வைத்திருந்த பெயர்களை நான் அறியேன். ஒரு நாள், தேர்வுக் கட்டணமாக மாணவர்களிடம் வாங்கி வைத்திருந்த பணத்தில் முப்பது ரூபாயைக் காணவில்லை. வகுப்பில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு சிறுவன் மட்டும் தலை குனிந்திருந்தான். கேட்ட கேள்விக்கு விடை சொல்லவில்லை. கண்கள் கலங்கியிருந்தன. குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று முடிவு செய்து, அவனை வெளியே நிறுத்தினேன். பகல் முழுவதும் அவன் வெயிலில் நின்றான்.

மாலையில் சத்துணவுக் கூடத்து ஆயா என்னிடம் வந்தார். "ஐயா, அந்தப் புள்ள திருட்டு முழி முழிக்கல. அவங்க அப்பா கடலுக்குப் போயி மூணு நாளாச்சு. இன்னும் கரை திரும்பல. ஊருக்கே தெரியும்" என்றார். எனக்கு மட்டும் தெரியவில்லை. மறுநாள் அந்தப் பணம் வருகைப் பதிவேட்டின் அட்டை உறைக்குள் அகப்பட்டது. வைத்தவனும் நானே, மறந்தவனும் நானே. நல்லவேளையாக அந்தத் தந்தை நான்காம் நாள் கரை சேர்ந்தார். நான் வகுப்பின் முன்னே அச்சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆயினும் அந்த ஒரு பகல் திரும்பி வந்துவிடாது அன்றோ?

இரண்டு நூறு மைல்களுக்குள், ஒரே மொழி பேசும் மக்களிடையே சென்ற ஆசிரியனுக்கே இவ்வாறு நேர்ந்தது. கடல் கடந்து, மொழி கடந்து, சமயமும் வழக்கமும் கடந்து செல்லும் காவல் அதிகாரியின் நிலை எப்படி இருக்கும்?

சொந்த ஊரில் துப்பறிபவருக்கு நாம் எண்ணிப் பாராத மூன்று துணைகள் உண்டு. முதலாவது, ஆள் அடையாளம். எங்கள் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கருப்பையா என்று பத்துப் பேர் இருப்பார்கள். ஊராருக்கு அதனால் குழப்பமில்லை. 'மேலவீட்டுக் கருப்பையா', 'கிணற்றடிக் கருப்பையா' என்று பிரித்துவிடுவார்கள். வெளியிலிருந்து வந்தவருக்கோ பத்துப் பேரும் ஒருவரே. இரண்டாவது, குறிப்பறிதல். மௌனம் ஓரிடத்தில் குற்றவுணர்ச்சி; வேறோரிடத்தில் மரியாதை; இன்னோரிடத்தில் துயரம். மூன்றாவது, நம்பிக்கை. தெரிந்தவரிடமே மக்கள் உண்மையைச் சொல்வார்கள். அந்நியரிடம், அதுவும் சீருடை அணிந்த அந்நியரிடம், அவர் கேட்க விரும்புவதையே சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இம்மூன்றும் இல்லாத அயலார் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் உலகின் புகழ்பெற்ற துப்பறியும் கருவி ஒன்று பிறந்தது. அதுவே கைரேகை. அதன் வரலாற்றைப் புரட்டினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. அதை வளர்த்தவர்களுள் முதன்மையான நால்வர், தாம் பிறக்காத நாட்டில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள்.

முதல்வர் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கிலேய அதிகாரி. 1858-ஆம் ஆண்டு வங்காளத்தின் ஜங்கிப்பூரில் பணியாற்றியவர். சாலை போடுவதற்குரிய கல் கொண்டுவந்து தர ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் எழுதினார். பின்னால் 'இது என் கையெழுத்தன்று' என்று மறுத்துவிட்டால் என்ன செய்வது என்னும் ஐயம் அவருக்கு இருந்தது. ஆதலின், கோனாயின் உள்ளங்கையில் மை தடவி, பத்திரத்தின் பின்புறம் பதித்துக்கொண்டார். அவரது முதல் நோக்கம் அறிவியலன்று, சற்று அச்சமூட்டுவதே. பின்னர்த்தான் விரல் நுனிக் கோடுகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதையும், ஆண்டுகள் பல சென்றும் மாறாமலிருப்பதையும் கண்டுகொண்டார். 1877-இல் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது பத்திரப் பதிவிலும், சிறையிலும், ஓய்வூதியம் வழங்குவதிலும் விரல் ரேகையைப் பதிவு செய்யச் சொன்னார். ஓய்வூதியம் பெறுபவர் இறந்த பின்னும் வேறொருவர் வந்து அவர் பெயரால் பணம் வாங்கிச் செல்வது அதனால் தடைபட்டது.

இரண்டாமவர் ஹென்றி ஃபால்ட்ஸ் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். ஜப்பான் நாட்டில், டோக்கியோவின் ட்சுகிஜிப் பகுதியில் மருத்துவமனை நடத்தியவர். பழைய மட்பாண்டங்களில் குயவரின் விரற்பதிவுகளைக் கண்டு ஆராயத் தொடங்கினார். குற்றம் நிகழ்ந்த இடத்தில் கிடக்கும் விரற்சுவடே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும் என்று 1880-இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் எழுதினார். வெள்ளைச் சுவரில் படிந்திருந்த கரிபடிந்த விரற்சுவடு ஒன்று, ஐயத்துக்கு ஆளானவர் குற்றமற்றவர் என்று மெய்ப்பிக்க உதவியதையும் அவர் குறிப்பிட்டார். கைரேகை தண்டிக்க மட்டும் வந்ததன்று, விடுவிக்கவும் வந்தது என்பதை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாமவர் ஹுவான் வுசெட்டிச். இன்றைய குரோவேஷியாவைச் சேர்ந்த ஹ்வார் தீவில் பிறந்து, தென்னமெரிக்காவின் அர்ஜென்டினாவில் குடியேறியவர். அங்கே லா பிளாட்டா நகரக் காவல் துறையில் பணியாற்றினார். 1892-இல் நெக்கோச்சியா என்னும் ஊரில் இரு குழந்தைகள் கொலையுண்டனர். தாய், பக்கத்து வீட்டுக்காரர்மீது பழி சுமத்தினாள். கதவில் இரத்தம் தோய்ந்த பெருவிரற்சுவடு ஒன்று இருந்தது. அச்சுவடு தாயினுடையதே என்று தெரிந்தபோது அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர் பிழைத்தார்.

நான்காமவரே நம் கதையின் நாயகர். எட்வர்டு ஹென்றி இலண்டனில் 1850-இல் பிறந்தவர். 1873-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, 1891-இல் வங்காள மாகாணக் காவல் துறைத் தலைவரானார். தண்டனை பெற்றுச் சென்ற ஒருவன் வேறொரு பெயரோடு வேறொரு மாவட்டத்தில் மீண்டும் அகப்பட்டால், அவன் பழைய குற்றவாளி என்று காட்டுவது எப்படி? அக்காலத்தில் பாரிஸ் நகரத்துப் பெர்ட்டிலான் என்பவர் வகுத்த அளவை முறை ஒன்று இருந்தது. தலையின் நீளம், அகலம், கை விரலின் நீளம், பாதத்தின் நீளம் என்று உடலின் பல பகுதிகளை அளந்து குறித்து வைப்பது அம்முறை. வங்காளமும் அதனை மேற்கொண்டது. ஆனால் அளப்பவர் கை சற்றுத் தளர்ந்தால் ஓர் அளவு. இறுகினால் இன்னோர் அளவு. ஆகவே அம்முறை அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஃபிரான்சிஸ் கால்ட்டன் என்னும் அறிஞர் 1892-இல் கைரேகையைப்பற்றி நூல் எழுதியிருந்தார். ஹென்றியின் கவனம் அதன்பால் திரும்பியது.

ஆனால் ஓர் இடையூறு குறுக்கே நின்றது. ஆயிரக்கணக்கான ரேகைத் தாள்கள் குவிந்துவிட்டால், புதிதாக வந்த ஒரு தாளுக்கு இணையானதை அவற்றுள் எப்படித் தேடுவது? அகராதியில் சொற்கள் அகரவரிசையில் நிற்பதால் ஒரு சொல்லை நொடியில் எடுக்கிறோம். விரல் ரேகைக்கு அகரவரிசை ஏது?

அந்த அகரவரிசையை வகுக்க ஹென்றிக்குத் துணை நின்றவர்கள் அம்மண்ணில் பிறந்த இருவர். ஒருவர் காஜி அஸிஸுல் ஹக். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்றவர். மற்றவர் ஹேம சந்திர போஸ். இருவரும் கீழ்நிலைக் காவல் அதிகாரிகள். இவர்கள் வகுக்க உதவிய முறை எவ்வளவு எளியது என்று பாருங்கள்.

உங்கள் வீட்டுப் பாட்டி உங்கள் விரல்களைப் பிடித்துப் பார்த்து, 'சங்கு இத்தனை, சக்கரம் இத்தனை' என்று எண்ணியிருப்பார். சக்கரம் மிகுதியாக இருந்தால் அதிர்ஷ்டம் என்றும் சொல்லியிருப்பார். அதிர்ஷ்டத்தைப்பற்றி நான் பேச வரவில்லை. எண்ணிக்கை மட்டும் நமக்குப் போதும். கோடுகள் வட்டமாகச் சுழன்றால் சக்கரம். ஒரு பக்கத்தில் புறப்பட்டு வளைந்து, அதே பக்கம் திரும்பினால் சங்கு. அலைபோல் மேடிட்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சென்றுவிட்டால் வில். நூறு விரல்களைப் பார்த்தால் ஏறத்தாழ அறுபதுக்கு மேற்பட்டவை சங்கு, முப்பதுக்குச் சற்று மேலானவை சக்கரம், வில் ஐந்தளவே.

இப்பொழுது பத்து விரல்களையும் இரண்டிரண்டாக ஐந்து இணைகளாக்குங்கள். வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் முதல் இணை. அதன் மதிப்பு 16. வலக்கை நடுவிரலும் மோதிரவிரலும் இரண்டாவது; மதிப்பு 8. வலக்கைச் சிறுவிரலும் இடக்கைப் பெருவிரலும் மூன்றாவது, மதிப்பு 4. இடக்கைச் சுட்டுவிரலும் நடுவிரலும் நான்காவது, மதிப்பு 2. இடக்கை மோதிரவிரலும் சிறுவிரலும் ஐந்தாவது, மதிப்பு 1. ஒரு விரலில் சக்கரம் இருந்தால் மட்டும் அதன் இணைக்குரிய மதிப்பைக் கொடுங்கள்; இல்லையேல் சுழி. ஒவ்வோர் இணையிலும் இரண்டாம் விரலின் மதிப்புகளைக் கூட்டி மேலே எழுதுங்கள். முதல் விரலின் மதிப்புகளைக் கூட்டிக் கீழே எழுதுங்கள். பின்னர் இரண்டோடும் ஒன்றைக் கூட்டுங்கள். ஒருவருக்கு இரு கைப் பெருவிரல்களிலும் மட்டுமே சக்கரம் உண்டு என்று கொள்வோம். இடக்கைப் பெருவிரல் மூன்றாம் இணையின் இரண்டாம் விரல். ஆகவே மேலே 4. ஒன்றைக் கூட்ட 5. வலக்கைப் பெருவிரல் முதல் இணையின் முதல் விரல். ஆகவே கீழே 16. ஒன்றைக் கூட்ட 17. அவருடைய எண் 5-இன் கீழ் 17. மேலே 1 முதல் 32 வரை வரலாம். கீழேயும் 1 முதல் 32 வரை வரலாம். ஆக, முப்பத்திரண்டு முப்பத்திரண்டு அறைகள், மொத்தம் 1024. புதிய தாள் வந்ததும் எண்ணைக் கணக்கிட்டு, உரிய அறையை மட்டும் திறந்து, அங்குள்ள தாள்களோடு ஒப்பிட்டால் போதும். பெயர் பொய்யாகலாம், ஊர் பொய்யாகலாம், இந்த எண் பொய்யாகாது. மொழி தெரியாதவரும் இதனைப் படிக்கலாம்.

1897-இல் இந்திய அரசு நியமித்த குழு இம்முறையை ஆராய்ந்து ஏற்றது. அவ்வாண்டே கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் நிறுவப்பட்டது. அதன் பயன் விரைவிலேயே வெளிப்பட்டது. வட வங்காளத்து ஜல்பைகுரிப் பகுதியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலையுண்டு கிடந்தார். பணம் களவு போயிருந்தது. அவரது பெட்டியில் கிடந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றில் பழுப்பு நிறக் கறை இருந்தது. முன்பு களவுக்காகத் தண்டனை பெற்ற, அவருடைய பழைய பணியாள் ஒருவனது வலக்கைப் பெருவிரல் ரேகையோடு அது ஒத்திருந்தது. 1898-இல் நடந்த வழக்கில் களவுக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. கொலைக் குற்றத்துக்கோ, சுவடு மட்டும் போதாது என்று நீதிமன்றம் அவனை விடுவித்தது. விரற்சுவடு 'இவன் இதைத் தொட்டான்' என்று சொல்லும். 'இவனே கொன்றான்' என்று சொல்லாது. நீதி வழங்குபவர் இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியை மறத்தலாகாது.

1900-இல் ஹென்றியைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். போயர் போரின்போது ஆங்கிலேயர் கைப்பற்றிய ஜோகனஸ்பர்க், பிரிட்டோரியா நகரங்களில் காவல் துறையை ஒழுங்குபடுத்துவது அவருடைய பணி. 1901-இல் இலண்டன் ஸ்காட்லாந்து யார்டில் குற்றப் புலனாய்வுப் பிரிவின் தலைவரானார். அவ்வாண்டு ஜூலையில் அங்கே கைரேகைப் பிரிவு தொடங்கியது. 1902-இல் இலண்டன் வீடு ஒன்றில் பில்லியர்ட்ஸ் பந்துகளைத் திருடியவன், சன்னலின் ஈர வண்ணப்பூச்சில் கட்டைவிரலைப் பதித்துவிட்டுச் சென்றான். ஏழாண்டுச் சிறைத் தண்டனை பெற்றான். 1905-இல் டெப்ட்போர்டு என்னும் பகுதியில் கடைக்காரரையும் அவர் மனைவியையும் கொன்ற உடன்பிறந்தார் இருவர், பணப்பெட்டியில் இருந்த ஒற்றை விரற்சுவட்டால் அகப்பட்டனர். வங்காளத்து அலுவலகம் ஒன்றில் வகுத்த கணக்கு, இலண்டன் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் அம்முறை உலகெங்கும் 'ஹென்றி முறை' என்றே பெயர் பெற்றது. ஹக்குக்குக் கான் பகதூர் பட்டமும், போஸுக்கு ராய் பகதூர் பட்டமும் பின்னால் கிடைத்தன. முறையின் பெயரில் இடம் கிடைக்கவில்லை. மாணவர்களே, அயல்நாட்டில் வெற்றி பெற்ற எந்தத் துப்பறிவாளரைப்பற்றிப் படித்தாலும், அவருக்கு அந்நாட்டார் யார் துணை நின்றார் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு ஹக்கோ, ஒரு போஸோ, ஒரு சத்துணவுக் கூடத்து ஆயாவோ அங்கே இருப்பார்கள்.

இதுவரை சொன்னது நாணயத்தின் ஒரு பக்கம். மறுபக்கத்தையும் பார்ப்பதே நேர்மை.

அயலார் தமக்கு உதவிய கருவியை வைத்துக்கொண்டு, மக்களை அறிந்துவிட்டதாக எண்ணத் தொடங்கினால் என்ன ஆகும்? தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர் அனைவரும் விரல் ரேகை பதித்துப் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும் என்று 1906-இல் சட்டம் கொண்டுவர முயன்றனர். 1907-இல் அது சட்டமாயிற்று. ஹென்றியின் நூலைப் படித்த காந்தியடிகள், பத்து விரல் ரேகையும் சட்டப்படி குற்றவாளிகளிடமிருந்தே பெறப்படுகிறது என்று அறிந்தார். 'எங்கள் இனம் முழுவதும் குற்றவாளி இனமா?' என்பதே அங்கே எழுந்த கேள்வி. 1906 செப்டம்பர் 11-ஆம் நாள் ஜோகனஸ்பர்கில் கூடிய கூட்டத்தில் அச்சட்டத்துக்குப் பணிவதில்லை என்று இந்தியர் உறுதி பூண்டனர். அதிலிருந்தே சத்தியாக்கிரகம் பிறந்தது. தம்பி நாயுடு முதலிய தமிழர் பலர் அப்போராட்டத்தில் சிறை சென்றனர். அதே காந்தியடிகள், கட்டாயம் நீங்கும் என்னும் உடன்பாடு 1908-இல் ஏற்பட்டபோது தாமே முன்வந்து பத்து விரல்களையும் பதித்தார். அவ்வாக்குறுதி காக்கப்படாதபோது சீட்டுகளைத் தீயிலிட வைத்தார். அவர் எதிர்த்தது மையையன்று, இழிவை.

அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திண்டுக்கல் அந்நாளில் மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. 1985-இல்தான் தனி மாவட்டமாயிற்று. அம்மதுரை மாவட்டத்தில், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் நடந்ததை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். குற்றப் பரம்பரைச் சட்டம் என்பது சில சாதிகளில் பிறந்தவர் அனைவரையும் பிறப்பாலேயே ஐயத்துக்குரியவராக்கியது. ஆண்கள் பெயரைப் பதிந்து, விரல் ரேகை கொடுக்க வேண்டும். வெளியூர் செல்ல அனுமதி வாங்க வேண்டும். மக்கள் அதனைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். போலீசார் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண்மணி உள்ளிட்டுப் பதினாறுக்குக் குறையாதோர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் அச்சட்டம் நீங்கியது. நான் அன்று கடற்கரைப் பள்ளியில் ஒரு சிறுவனுக்கு ஒரு பகல் செய்த பிழையை, ஓர் அரசு ஒரு சமுதாயம் முழுவதற்கும் பல்லாண்டு செய்தது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: அறியாத மக்களை, அறிந்துகொள்ள முயலாமலே, ஐயுறுதல்.

அயல்நாட்டில் துப்பறிபவருக்கு இன்னோர் இடையூறும் உண்டு. அது எல்லைக்கோடு. 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். பிரிட்டிஷ் போலீசாரின் ஐயம், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் தங்கியிருந்த தேசபக்தர்கள்மீது திரும்பியது. பாரதியாரும், அரவிந்தரும், வ. வே. சு. ஐயரும் அங்கே இருந்தனர். உளவறிவோர் அந்நகரில் தங்கி அவர்களைக் கண்காணித்தனர். யார் வருகிறார், யார் போகிறார் என்று குறித்துக்கொண்டனர். ஆயினும், கைக்கெட்டும் தொலைவில் இருந்தவரைக் கைது செய்ய அவர்களுக்கு அதிகாரமில்லை. ஏனெனில் தெரு பிரெஞ்சுக்காரருடையது. 1918 நவம்பரில் பாரதியார் எல்லை தாண்டிக் கடலூர்ப் பக்கம் வந்த பிறகே அவரைக் கைது செய்ய முடிந்தது.

இன்றும் நிலைமை அதுவே. ஒரு நாட்டுக் காவல் அதிகாரி இன்னொரு நாட்டில் கால் வைத்ததும் வெறும் விருந்தினர் ஆகிவிடுகிறார். அங்கே ஒரு வீட்டைச் சோதிக்கவோ, ஒருவரைக் கைது செய்யவோ அவருக்கு உரிமையில்லை. நம் நாட்டு நீதிமன்றம் அந்நாட்டு அதிகாரிகளுக்கு வேண்டுகோள் கடிதம் அனுப்பும். அவர்கள் தம் சட்டப்படி சாட்சிகளை விசாரித்து, ஆவணங்களைத் திரட்டி அனுப்புவார்கள். 1923-இல் தோன்றிய அனைத்துலகக் காவல் அமைப்பாகிய இன்டர்போல் செய்திகளைப் பரிமாற உதவுகிறது. கதைகளில் வருவதுபோல் அதற்கென்று கைது செய்யும் படை கிடையாது. இந்தியாவில் அதன் தொடர்பு அலுவலாக மத்தியப் புலனாய்வுத் துறை செயற்படுகிறது. ஆகவே அயல்நாட்டில் துப்பறிபவரின் முதல் திறமை பூதக்கண்ணாடியன்று; பொறுமையும் பணிவுமே.

அப்பணிவு குறைந்தால் நேரும் தீங்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2004 மார்ச்சில் ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரில் ரயில்களில் குண்டுகள் வெடித்தன. வெடிகருவிகள் இருந்த பையில் விரற்சுவடு ஒன்று அகப்பட்டது. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் கணினி, பொருந்தக்கூடியவை என்று சில ரேகைகளைக் காட்டியது. அவற்றுள் ஒன்று ஓரிகன் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவருடையது. அது அவருடையதே என்று அமெரிக்க வல்லுநர்கள் உறுதி கூறினர். ஸ்பெயின் நாட்டுப் போலீசாரோ, 'எங்களுக்குப் பொருத்தம் தெரியவில்லை' என்று சொல்லிக்கொண்டே இருந்தனர். எனினும் மே மாதத்தில் அவர் கைது செய்யப்பட்டார். இரண்டு வாரங்களுக்குப் பின், அச்சுவடு அல்ஜீரியர் ஒருவருடையது என்று ஸ்பானியர் கண்டுபிடித்தனர். வழக்கறிஞர் விடுதலையானார், புலனாய்வுத் துறை மன்னிப்புக் கேட்டது. ரேகை பொய் சொல்லவில்லை; ரேகையைப் படித்தவர்கள் தவறினார்கள். நிகழ்விடத்து மக்களின் சொல்லுக்குச் செவி சாய்த்திருந்தால் அத்தவறு நேர்ந்திராது.

இன்று 1024 அறைகளின் வேலையைக் கணினி செய்கிறது. நம் நாட்டில் 2022-இல் தொடங்கிய தேசியத் தானியங்கி ரேகை அமைப்பு, ஒரு மாநிலத்தில் எடுத்த ரேகையை மற்ற மாநிலத்துப் பதிவுகளோடு விரைவாக ஒப்பிடுகிறது. குற்றவாளிகளுக்கு மட்டுமன்றி, நம் எல்லார்க்கும் ரேகை ஓர் அடையாளச் சீட்டாகிவிட்டது. சில திங்களுக்கு முன், நியாயவிலைக் கடை ஒன்றில் மூதாட்டி ஒருவர் கருவியில் விரலை மீண்டும் மீண்டும் வைத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். வயலிலும் செங்கற் சூளையிலும் உழைத்து உழைத்து அவர் விரலின் கோடுகள் தேய்ந்துபோயிருந்தன. கருவி அவரை யார் என்று அறியவில்லை. வரிசையில் நின்றவர் அனைவருக்கும் அவரைத் தெரியும். கடைசியில் கடைக்காரர் வேறு வழியில் பதிவு செய்து அரிசி கொடுத்தார். ஊரறிந்த ஒருவரை அறியாத கருவியைப் பார்த்தபோது, கடற்கரை ஊரில் முதல் நாள் நின்ற இளம் ஆசிரியனாகிய என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

மாணவர்களே! உங்களுள் சிலர் காவல் துறையில் சேரலாம், சிலர் நீதிபதியாகலாம், பலர் வேலைக்காக வேற்று மாநிலங்களுக்கும் வேற்று நாடுகளுக்கும் செல்வீர்கள். அங்கே நீங்களும் அயலாரே. கருவிகளைக் கற்றுக்கொள்ளுங்கள்; அவை வேண்டும். குற்றமற்றவரை விடுவிக்கவும் அவை உதவும். ஆனால் ஒருவர் தலை குனிந்து நின்றால், அவர்மீது ஐயங்கொள்வதற்கு முன், அவ்வூரார் ஒருவரை அணுகி, 'இவருக்கு என்ன நேர்ந்தது?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை அன்று நான் கேட்டிருந்தால், ஒரு சிறுவன் ஒரு பகல் முழுவதும் கடலைப் பார்த்தபடி வெயிலில் நின்றிருக்க மாட்டான்.